மீன்தொட்டிக்கும் வாவிக்கரைக்கும் ஒரே கமரா: முதல் டிஎஸ்எல்ஆர் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் முதல் கமரா வாங்க நினைக்கும் பலருக்கும் இரண்டு ஆசைகள் சேர்ந்தே இருக்கும். வீட்டு மீன்தொட்டியில் ஓடித்திரியும் கப்பியையும் ஃபைட்டரையும் பளிச்சென்று எடுக்க வேண்டும். விடியற்காலைக் கல்லடிக் கடலையும், வாவியில் வீச்சுவலை எறிபவரையும், உன்னிச்சைக் குளத்துப் பறவைகளையும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே ஆடி உள்ள கமரா) போதும். ஆனால் அதைத் தொட்டியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் எளிது. வெளியில் வெயில் நமக்காக வேலை செய்கிறது. எந்தக் கமராவும் காலை 7 மணி வெளிச்சத்தில் ஓரளவு நல்ல படம் தரும். தொட்டியிலோ வெளிச்சம் குறைவு, நடுவில் கண்ணாடி, அதற்குப் பின்னால் தண்ணீர், அதற்குள் ஒரு நொடியும் நில்லாத சின்ன உயிர். அங்கே தேறுகிற கமராவும் லென்ஸும் வெளியிலும் தேறும். தொலைவிலுள்ள பறவையை எட்டிப் பிடிக்க மட்டும் இன்னொரு லென்ஸ் வேண்டும், அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தொட்டியைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஓர் அடிமட்டத்தோடு தொட்டியின் முன்னால் உட்காருங்கள். உங்கள் மீன் எத்தனை சென்ரிமீற்றர்? கப்பி 3 செ.மீ. அளவு, ஃபைட்டர் வாலோடு சேர்த்து 6 அல்லது 7, வளர்ந்த ஒஸ்கார் 25-ஐயும் தாண்டும். நீங்கள் வாங்க வேண்டிய லென்ஸைத் தீர்மானிப்பது இந்த அளவுதான்.

அடுத்து, தொட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? முழங்கால் உயரத்தில் இருந்தால், திருப்பக்கூடிய திரை உள்ள கமராதான் உங்களுக்குச் சரி. இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் தரையில் படுக்க வேண்டிவரும். தொட்டிக்கு மேலே ஒரு ஃபிளாஷ் வைக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உருண்டைக் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: எந்த லென்ஸும் அந்த வளைவைச் சரிசெய்யாது. தட்டையான கண்ணாடியுள்ள சின்னத் தொட்டி ஒன்றைப் படத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கும் அதுதான் நல்லது.

கமராவுக்கு முன் லென்ஸ்

"50 எம்எம் 1.8 வாங்குங்கள், தொட்டிக்கு அதுதான் சரி" என்று பலரும் சொல்வார்கள். மி.மீ. எண் கூடினால் லென்ஸ் தூரத்தை எட்டும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. கெனன் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸ் 35 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. அதன் மிகக் கிட்டிய தூரத்தில்கூட, தொடக்கநிலைக் கமரா ஒன்றின் சட்டகத்துக்குள் ஏறக்குறைய 10 செ.மீ. அகலம் அடங்கும். 3 செ.மீ. கப்பி அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

கமராவோடு சேர்ந்தே வரும் 18-55 லென்ஸை எடுத்துப் பாருங்கள். நிக்கோனின் ஏஎஃப்-பி 18-55, 25 செ.மீ. வரை கிட்டே வரும், உருப்பெருக்கம் 0.38. அதாவது சட்டகத்துக்குள் 6 செ.மீ. அகலம் மட்டுமே அடங்கும், கப்பி அதில் பாதியை நிறைக்கும். கெனனின் 18-55 எஃப்/3.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸும் ஏறக்குறைய இதே அளவுதான். எல்லோரும் மலிவென்று ஒதுக்குகிற லென்ஸ், சின்ன மீனுக்கு 50-ஐ விட நெருங்கி வருகிறது. அந்த 25 செ.மீ. சென்சரிலிருந்து (கமராவுக்குள் படம் பதியும் தகட்டிலிருந்து) அளக்கப்படுவது, லென்ஸின் முனையிலிருந்து அல்ல. ஆகவே உண்மையில் கண்ணாடிக்கு மிக அருகில் போவீர்கள்.

18-55-இன் குறை வெளிச்சம். 55 மி.மீ.க்கு இழுத்தால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதற்கு மருந்து ஃபிளாஷ், அதை அடுத்துச் சொல்கிறேன்.

ஏற்கெனவே 50 மி.மீ. கையில் இருக்கிறதா? எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெற்று வளையம். லென்ஸைச் சென்சரிலிருந்து தள்ளி வைப்பதால் கிட்டே ஃபோகஸ் ஆகும். 12 மி.மீ. வளையம் 50 மி.மீ. லென்ஸின் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும். மின்தொடர்பு ஊசிகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் அப்பர்ச்சரைக் கமராவிலிருந்து மாற்ற முடியாது.

மிக நெருங்கி எடுப்பதற்கென்றே உள்ள உண்மையான மெக்ரோ லென்ஸ் முதல் நாளே தேவையில்லை. வாங்கும் காலம் வரும்போது 60 முதல் 100 மி.மீ. வரை பாருங்கள்: கெனனின் இஎஃப்-எஸ் 60, டாம்ரோனின் 90 போன்றவை. நிக்கோனின் 40 மி.மீ. மைக்ரோ (மெக்ரோவுக்கு நிக்கோன் வைத்த பெயர்) அருமையான லென்ஸ்தான், ஆனால் முழு உருப்பெருக்கத்துக்கு மீனின் மூக்கருகே போக வேண்டும். தொட்டியில் நடுவே தண்ணீர் இருப்பதால் அந்த நெருக்கம் பெரும்பாலும் கிடைக்காது.

பிறகு வெளிச்சம்: பணம் பேச வேண்டிய இடம்

தொட்டிப் படத்தின் இரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தொட்டியின் எல்இடி லைட்டை மட்டும் நம்பினால் நகரும் மீனுக்கு 1/125 நொடி ஷட்டர் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) வேண்டும், அதற்கு ஐஎஸ்ஓவை (சென்சரின் வெளிச்ச உணர்திறனை) 3200 வரை ஏற்ற வேண்டிவரும். படத்தில் மணல் தூவியது போல் புள்ளி விழும். சில எல்இடிகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. வேகமான ஷட்டரில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50 அல்லது 1/100 நொடியில் இந்தப் பட்டை பெரும்பாலும் குறையும். ஆனால் அந்த வேகத்தில் மீன் படத்தில் கலங்கித் தெரியும்.

கமராவிலேயே உள்ள ஃபிளாஷை நேராக அடித்தால் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் குண்டு விழுந்துவிடும். வழி என்னவென்றால் தனி ஃபிளாஷ் ஒன்றைத் தொட்டியின் மேல் வைத்து, கீழ்நோக்கி அடிப்பது. கொடொக்ஸ், யொங்நுவோ போன்றவற்றின் சாதாரண மெனுவல் (பவரை நாமே வைக்கும்) ஃபிளாஷே போதும். கூடவே, கமராவை அழுத்தும்போது ஃபிளாஷை எரியவைக்கும் ஒரு கம்பியில்லா ட்ரிகர். தொட்டியின் மேல் கண்ணாடி மூடியைப் போட்டு, அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு மேல் ஃபிளாஷைப் படுக்க வையுங்கள். மூடி இல்லாமல் ஒருபோதும் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் மின்னழுத்தத்துக்குத் தண்ணீரோடு வேலை இல்லை.

இப்படி வைத்தால் இரண்டு நன்மை ஒன்றாகக் கிடைக்கும். குறைந்த பவரில் ஃபிளாஷ் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே எரிவதால் மீன் அசையாமல் உறைந்து நிற்கும். அடுத்தது இன்னும் பெரியது: எஃப்/8, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200 என்று வைத்தால் அறையின் வெளிச்சம் கமராவுக்கு எட்டவே எட்டாது. அறை எட்டவில்லை என்றால் கண்ணாடியில் உங்கள் முகமும் மின்விசிறியும் தெரியாது. பிரதிபலிப்போடு மல்லுக்கட்டும் வேலையே பாதி தீர்ந்துவிடும்.

ஆகவே கைக்காசைப் பிரிக்கும்போது, கமராவுக்குப் பாதிக்கு மேல் போக விடாதீர்கள். மற்றப் பாதி லென்ஸ், ஃபிளாஷ், ட்ரிகர், இன்னொரு பற்றரி, ஈரம் புகாத பெட்டி என்று இருக்கட்டும்.

இப்போது கமரா

நிக்கோன் டி3500, டி5600 இரண்டின் தயாரிப்பையும் நிறுத்திவிட்டது. கெனனும் தன் கவனத்தை மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத புதுவகைக் கமரா) பக்கம் திருப்பிவிட்டது. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பலர் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் பாவித்த நிலையில் சந்தைக்கு வருகின்றன. நீங்கள் வாங்கும் கெனன் இஎஃப் லென்ஸ்களை நாளை அடப்டர் போட்டுக் கெனன் மிரர்லெஸ்ஸில் தானியங்கி ஃபோகஸோடு பாவிக்கலாம். நிக்கோனின் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கும் அப்படித்தான். லென்ஸில் போட்ட காசு வீணாகாது.

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். கடந்த பத்தாண்டில் வந்த பெரும்பாலான தொடக்கநிலைக் கமராக்கள் 18 முதல் 24 மெகாபிக்சல். பேஸ்புக்குக்கும் சுவரில் மாட்டும் பெரிய பிரிண்டுக்கும் அது தாராளம். தொட்டிக்காரர் பார்க்க வேண்டியவை வேறு மூன்று.

ஒன்று, திரை திரும்புமா, லைவ் வியூவில் (திரையைப் பார்த்து எடுக்கும் முறையில்) ஃபோகஸ் வேகமா என்பது. தாழ்ந்த தொட்டிக்குத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். கெனன் 200டி, 250டி, 70டி, 80டி ஆகியவற்றில் டூயல் பிக்சல் ஃபோகஸ் உண்டு, திரையில் மீனைத் தொட்டால் அதைத் துரத்திப் பிடிக்கும். நிக்கோன் டி5600-இன் திரை நன்றாகத் திரும்பும், ஆனால் லைவ் வியூவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். டி3500-இன் திரை திரும்பவே திரும்பாது. வியூஃபைண்டர் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் நிக்கோன்கள் இரண்டும் வேகமானவை, பறவைக்கும் அதுவே நல்லது.

இரண்டு, ஹொட் ஷூவின் நடு ஊசி. கமராவின் தலையில் ஃபிளாஷ் செருகும் இடத்தைப் பாருங்கள். நடுவில் வட்டமான ஓர் உலோகப் பொட்டு இருக்க வேண்டும். மலிவான ஃபிளாஷுக்கும் ட்ரிகருக்கும் அந்தப் பொட்டு வழியாகத்தான் சைகை போகும். கெனன் 250டி, 2000டி, 4000டி ஆகியவற்றில் அது இல்லை. அவற்றுக்குக் கெனன் முறையைப் பேசக்கூடிய, விலை கூடிய ட்ரிகர் வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். பழைய 200டி-யில் பொட்டு உண்டு. அதனால் புதிய 250டி-யைவிட 2017-இல் வந்த 200டி-யைத்தான் தொட்டிக்காரருக்கு முதலில் சொல்வேன்.

மூன்று, ஃபோகஸ் மோட்டார். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் மோட்டார் கிடையாது. சொந்த மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களே அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய 50 மி.மீ. 1.8டி-யை வாங்கி டி3500-இல் போட்டால் கையால் திருப்பியே ஃபோகஸ் செய்ய வேண்டும். டி7200-க்குள் மோட்டார் உண்டு, பழைய லென்ஸ்களும் ஓடும். கெனனில் இந்தத் தொல்லை இல்லை.

என் தெரிவைக் கேட்டால்: தொட்டி பெரும்பங்கு என்றால் கெனன் 200டி. கொஞ்சம் பாரம் தாங்குவீர்கள் என்றால் 70டி அல்லது 80டி, இவற்றின் சொந்த ஃபிளாஷே கெனன் முறை ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும். பறவை பெரும்பங்கு, தொட்டி உங்கள் கண்மட்டத்தில் என்றால் நிக்கோன் டி5600 அல்லது டி7200.

பாவித்த கமராவைப் பார்த்து வாங்குதல்

பகலில் போங்கள். சொந்த மெமரி கார்டும் சின்ன டோர்ச்சும் கொண்டுபோங்கள். "அண்ணன், லென்ஸைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள், காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ என்றால் "நானா" என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

லென்ஸின் அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச்சை அடித்து, முன்பக்கத்தால் சாய்வாகப் பாருங்கள். தூசு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. சிலந்திவலை போல் மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து உள்ளே கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம், நம்மவர் 'பங்கஸ்' என்பது. கடலும் வாவியும் சூழ்ந்த நம் ஊரில் இது மிகச் சாதாரணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

பிறகு எஃப்/22 வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசு, துடைக்கலாம். கோடு தெரிந்தால் கீறலாக இருக்கலாம், எச்சரிக்கை. லென்ஸ் மூடியைப் போட்டபடி 10 நொடிப் படம் ஒன்று எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். சிவப்பு, நீலப் புள்ளிகள் நிறைய மின்னினால் பேரம் பேசக் காரணம் கிடைத்துவிட்டது.

ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைக் கேளுங்கள். நிக்கோனில் எடுத்த படக் கோப்பிலேயே அது பதிந்திருக்கும், அந்தத் தகவலை வாசிக்கும் செயலி ஒன்றில் திறந்தால் தெரியும். கெனனின் தொடக்கநிலைக் கமராக்கள் அதைப் படத்தில் எழுதுவதில்லை, கணினியோடு யுஎஸ்பி-யால் இணைத்துத்தான் பார்க்க வேண்டும். இந்த வகைக் கமராக்களின் ஷட்டர் ஒரு லட்சத்தைச் சுற்றிய எண்ணிக்கைக்குச் சோதிக்கப்பட்டவை. 20,000 ஓடியது இளையது. 80,000 ஓடியது என்றால் விலையில் அது தெரிய வேண்டும்.

விற்பவர் நம் ஊர்க்காரர் என்றால் கல்லடிப் பாலத்தில் சந்திக்கலாம். 1924-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைப் பக்கத்துப் புதுப் பாலத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். லென்ஸ் நலமாக இருந்தால் சட்டகத்தின் இடது ஓரத்து இரும்புச் சட்டமும் வலது ஓரத்துச் சட்டமும் ஒரே கூர்மையில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்த லென்ஸ் எங்கோ விழுந்து எழும்பியிருக்கும்.

தொட்டியில் முதல் மாலை

முந்தின நாளே கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிடுங்கள், படத்துக்குச் சற்று முன் துடைத்தால் பாசி தண்ணீரில் மிதக்கும். படத்துக்குப் பத்து நிமிடம் முன்பு தொட்டியின் ஃபில்டரை நிறுத்தினால் தூசு அடங்கும். முடிந்ததும் மறக்காமல் போடுங்கள். அறை லைட்டை அணையுங்கள், ஜன்னல் திரையை மூடுங்கள், கறுத்த சட்டை அணியுங்கள்.

லென்ஸைக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகப் பிடிப்பது மிக முக்கியம். சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியும் தண்ணீரும் ஒவ்வொரு நிற வெளிச்சத்தையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால் மீனின் ஓரம் இரட்டையாகவும் நிறம் பிரிந்தும் வரும். எவ்வளவு விலை கூடிய லென்ஸும் இதிலிருந்து தப்பாது.

மெனுவலில் எஃப்/8, 1/200, ஐஎஸ்ஓ 200 வையுங்கள். 200டி, டி5600 போன்றவற்றில் ஃபிளாஷோடு 1/200-க்கு மேல் போகக் கூடாது, போனால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். ஃபிளாஷை 1/16 பவரில் தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். முதல் இரண்டு மூன்று அடிக்கு மீன் திடுக்கிடும். கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும். பழகாமல் மூலையில் ஒதுங்கினால் அன்றைக்குப் போதும்.

ஃபிளாஷால் ஃபோகஸுக்கு உதவி இல்லை என்பதால் தொட்டி லைட் எரியட்டும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். மீனைத் துரத்தாதீர்கள். அது வழக்கமாகத் திரும்பும் இடம் ஒன்று இருக்கும், அநேகமாக இரை போடும் மூலை. அங்கே ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஃபைட்டருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சின்னதாகத் தொட்டிக்கு வெளியில் காட்டினால் தன் உருவத்தை எதிரியென்று நினைத்துச் செவுளையும் துடுப்பையும் முழுக்க விரிக்கும். ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் காட்டுங்கள், அதற்கு மேல் அது களைத்துப்போகும்.

படத்தை ரா வடிவில் (சென்சரில் பதிந்தது அப்படியே இருக்கும் கோப்பாக) சேமியுங்கள். நீலமும் ஊதாவும் கலந்த தொட்டி வெளிச்சத்தில் ஜேபெக் நிறத்தைப் பிறகு திருத்துவது கடினம். கெனனும் நிக்கோனும் தரும் மென்பொருள்களும் டார்க்டேபிளும் இலவசம்தான்.

வெளியில்

நம் ஊர் பூமத்தியரேகைக்குக் கிட்டே இருப்பதால் சூரியன் விரைவாக மேலே ஏறும். 6 மணிக்கு விடிந்தால் எட்டரைக்குள் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும். காலையில் எழுவான்கரையில், கடலிலிருந்து ஏறும் சூரியனை எடுங்கள். மாலையில் வாவிக்குப் போங்கள், சூரியன் படுவான்கரைப் பக்கம் இறங்கும்போது தோணிகள் தண்ணீரில் நிழலுருவாக நிற்கும். இரண்டுக்கும் அதே 18-55 போதும்.

வீச்சுவலை விரியும் கணத்துக்கு 1/1000 நொடி வையுங்கள். வலை முழுவட்டமாவது கண்மூடித் திறக்கும் நேரம், ஆகவே தொடர் படப்பிடிப்பில் போட்டு, தோள் திரும்பும்போதே அழுத்தத் தொடங்குங்கள். எடுக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிறகு படத்தைக் காட்டுங்கள். படைமுகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

பறவைக்கு கெனன் 55-250 எஸ்டிஎம் அல்லது நிக்கோன் ஏஎஃப்-பி 70-300 நல்ல தொடக்கம். ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி5100, டி7000 போன்ற பழையவற்றில் ஃபோகஸ் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். பறக்கும் செம்பருந்துக்கு 1/1600, நிற்கும் கொக்குக்கு 1/500. குமணவுக்கோ பொத்துவில் களப்புக்கோ போகும் எண்ணம் இருந்தால் இந்த லென்ஸ் இல்லாமல் போக வேண்டாம்.

உப்பும் ஈரமும்

கடற்கரையிலிருந்து வந்ததும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். உப்பை வெறும் துணியால் தேய்த்தால் கீறும். கச்சான் காற்று வீசும் நாட்களில் மணற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். பாசிக்குடா ஹொட்டல் அறையின் ஏசியிலிருந்து நேரே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும், அரைமணி நேரம் பையை மூடியபடியே வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். மாரி மழைக் காலத்தில் ஜெல்லை அடிக்கடி உலர்த்த வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள், அதன் மாவுத்தூள் லென்ஸின் வளையங்களுக்குள் போய்விடும். மீன்தொட்டி இருக்கும் அலுமாரியில் கமராவை வைக்கவே வேண்டாம், தொட்டியிலிருந்து ஆவி எப்போதும் எழும்பிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாறு மாதம் கழித்துப் படங்களையெல்லாம் திறந்து, எந்த மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று பாருங்கள், ஒவ்வொரு படத்திலும் அது பதிந்திருக்கும். பெரும்பாலானவை 55-இல் முட்டி நின்று, தொட்டியில் எடுத்தவையாக இருந்தால் அடுத்து மெக்ரோ. வெளியில் எடுத்தவையாக இருந்தால் 55-250. 18-ஐச் சுற்றியே இருந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.